ருத்தேனியம் ஏற்றிய சியோலைட் வினையூக்கி: முதல் முறை செய்பவர்களுக்கு

ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதி இதை நான்கு வரியில் முடித்துவிடும்: ருத்தேனியம் உப்பைக் கரைத்து, சியோலைட்டில் (நுண்துளைகள் நிறைந்த அலுமினோசிலிக்கேட் தூள்) ஏற்றி, உலர்த்தி, ஹைட்ரஜனில் ஒடுக்கி உலோகமாக்கினோம். அந்த நான்கு வரிகளை அப்படியே பின்பற்றும் புது மாணவருக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. வினையூக்கி வேலை செய்யாமல் போகும். அல்லது ஒரு முறை நன்றாக வேலை செய்துவிட்டு அடுத்த தயாரிப்பில் கைவிடும். காரணம் வேதியியலில் இருப்பதில்லை. உப்பில் எவ்வளவு ருத்தேனியம், சியோலைட்டில் எவ்வளவு நீர், குளோரைடு போனதா, சூடான நிலையில் காற்று பட்டதா என்ற நான்கு கேள்விகளில் ஏதோ ஒன்றுக்குப் பதில் இல்லாததே காரணம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஒரு குறிப்பிட்ட வேலை: இசட்.எஸ்.எம்.-5 சியோலைட்டின் மேல் 2 சதவீத ருத்தேனியம் ஏற்றி, அதைக் கொண்டு லெவுலினிக் அமிலத்தை ஹைட்ரஜனேற்றம் செய்து காமா-வலெரோலாக்டோன் எடுப்பது. வேறு தாங்கி (உலோகத்தைச் சுமக்கும் பொருள்), வேறு வினை என்றாலும் வரிசை இதேதான்.

1. வாங்கும் முன் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ருத்தேனியம் டிரைகுளோரைடு ஹைட்ரேட் கிராம் கணக்கில் விற்கப்படும். விலை உலோகச் சந்தையோடு ஏறி இறங்கும். பழைய விலைப்புள்ளியை வைத்துத் திட்டச் செலவு போடாதீர்கள். ஆர்டர் கொடுக்கும் வாரத்தில் புதிதாகக் கேளுங்கள். இறக்குமதிச் சரக்கு என்றால் வந்துசேர வாரங்கள் ஆகும்.

எவ்வளவு வாங்குவது? 40 சதவீத ருத்தேனியம் உள்ள உப்பு 1 கிராமில் 0.4 கிராம் உலோகம் உண்டு. அதிலிருந்து 2 சதவீத வினையூக்கி 20 கிராம் செய்யலாம். ஒரு வினைக்கு 50 மி.கி. போதும் என்பதால் 1 கிராம் உப்பு ஓர் ஆய்வேட்டின் பெரும்பகுதியைத் தாங்கும். ஒரே லாட் எண் உள்ள 1 கிராம் புட்டிகள் இரண்டு வாங்குவது 5 கிராம் புட்டி ஒன்று வாங்குவதைவிட நல்லது. இந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பெரிய புட்டியைத் திறந்து திறந்து மூடினால் ஆறாவது மாதத்தில் உள்ளே இருப்பது முதல் நாள் இருந்த உப்பு அல்ல.

உப்போடு அந்த லாட்டுக்குரிய பகுப்பாய்வுச் சான்றிதழைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். புட்டியில் ஒட்டிய பொதுவான லேபிள் போதாது. சியோலைட்டுக்குத் தயாரிப்பாளரின் தரவுத் தாளில் நான்கு விவரம் பாருங்கள்: சிலிக்கா-அலுமினா விகிதம், அயனி வடிவம், சோடியம் அளவு, மேற்பரப்பு.

இங்கே ஒரு பழைய பள்ளம். தயாரிப்பாளர் தருவது ஆக்சைடுகளின் மோல் விகிதம். கட்டுரைகள் பேசுவது பெரும்பாலும் அணுக்களின் விகிதம். தாளில் 30 என்று இருந்தால் சிலிக்கான்-அலுமினியம் விகிதம் 15தான். அதில் ஒரு கிராமுக்குச் சுமார் 1.04 மில்லிமோல் அலுமினியம் இருக்கும். 30 என்பதை அணு விகிதமாக எடுத்துக்கொண்டால் அமில இடங்களின் (சட்டகத்தில் உள்ள ஒவ்வோர் அலுமினியமும் தரும் புரோட்டான் இடங்கள்) கணக்கு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அதற்குப் பிறகு போடும் ஒவ்வொரு கணக்கும் அதே அளவு பிழையைச் சுமக்கும்.

ஹைட்ரஜன் சிலிண்டரில் அழுத்தச் சோதனைத் தேதி, ஆட்டோகிளேவின் (வினை நடக்கும் அழுத்தப் பாத்திரம்) பலகையில் உச்ச அழுத்தமும் உச்ச வெப்பமும், வெடிவட்டின் (அழுத்தம் மீறினால் உடைந்து வாயுவை வெளியேற்றும் தகடு) அழுத்த அளவு ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பாதுகாப்புக் குழுவின் அனுமதிப் படிவத்தில் இதே மூன்றைத்தான் கேட்பார்கள்.

2. சியோலைட்டைத் தயார் செய்தல்: ஒரு இரவு

கடையில் வரும் இசட்.எஸ்.எம்.-5 பெரும்பாலும் அம்மோனியம் வடிவம். மஃபில் உலையில் நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஏற்றி, 550 டிகிரியில் 5 மணி நேரம் காற்றில் வைத்தால் அம்மோனியா போய் ஹைட்ரஜன் வடிவம் கிடைக்கும். தூளை அகலமான பீங்கான் தட்டில் மெல்லிய படுக்கையாகப் பரப்புங்கள். ஆழமான குவளையில் அடைத்தால் உள்ளே நீராவி தங்கி, அந்த வெப்பத்தில் அலுமினியத்தைச் சட்டகத்திலிருந்து பிடுங்கும்.

உலையிலிருந்து எடுத்த சியோலைட் ஆறும்போதே நீரை இழுக்கத் தொடங்கும். 120 டிகிரிக்குக் கீழே வரும் முன் மூடியுள்ள உலர்கலத்துக்கு மாற்றி, எடை போடும் வேலையை அன்றே முடியுங்கள். 8 சதவீத நீர் உள்ள தூளை உலர் தூளாக நினைத்து எடை போட்டால் 2 சதவீதம் என்று நீங்கள் எழுதுவது உண்மையில் 2.17 சதவீதம். ஒய் வகை சியோலைட்டில் நீரின் அளவு 20 சதவீதத்தைத் தாண்டும். அங்கே பிழையும் அந்த அளவு பெருகும்.

3. ஒரே ஒரு கணக்கு, மூன்று முறை

5 கிராம் வினையூக்கி, 2 சதவீதம். வேண்டிய ருத்தேனியம் 0.100 கிராம், உலர் தாங்கி 4.90 கிராம். சான்றிதழில் 40.0 சதவீதம் என்றால் உப்பு 0.250 கிராம்.

நீரற்ற உப்பின் மூலக்கூறு எடையை வைத்துக் கணக்கிடுபவர் 48.7 சதவீதம் என்று எடுத்து 0.205 கிராம் போடுவார். அவர் செய்தது 2 சதவீதமல்ல, 1.65 சதவீதம். இந்தத் தவறு மிகவும் பரவலானது. ஐ.சி.பி. (உலோக அளவைக் காணும் பிளாஸ்மா பகுப்பாய்வு) முடிவு வந்த பிறகு 'உலோகம் கழுவில் போய்விட்டது' என்று விளக்கம் எழுதப்படுவதில் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழைதான் என்பது எங்கள் கருத்து.

அடுத்து, தாங்கி எவ்வளவு நீர் குடிக்கும் என்று அளக்க வேண்டும். 1.00 கிராம் உலர் தாங்கியை எடுத்து, 1 மி.லி. சிரிஞ்சால் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கண்ணாடிக் கோலால் கிளறுங்கள். தூள் உதிரியாக இருந்து, உருண்டை பிடித்து, சட்டென்று பளபளப்பு காட்டும் புள்ளிதான் எல்லை. 0.60 மி.லி. குடித்தது என்றால் 4.90 கிராமுக்கு 2.94 மி.லி. அதில் சுமார் 95 சதவீதம், அதாவது 2.8 மி.லி. நீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும். கட்டுரையில் உள்ள துளைக் கொள்ளளவை எடுத்துப் போடாதீர்கள்; உங்கள் புட்டியில் உள்ள தூளை அளந்து பாருங்கள்.

4. ஏற்றுதல்

கரைசல் அடர்பழுப்பாக இருக்கும். செய்த அன்றே பயன்படுத்துங்கள். வைத்திருந்தால் உப்பு நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சோ இனங்கள் உருவாகும். சில நாளில் கலங்கலும் வரலாம்.

2.8 மி.லி.யை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். கால் மி.லி. வீதம் விட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் நன்றாகப் பிசைந்து கலக்க வேண்டும். கடைசிச் சொட்டுக்குப் பிறகும் தூள் உதிரியாகவே இருக்க வேண்டும். தட்டின் அடியில் திரவம் தேங்கினால் அளவு தவறிவிட்டது. அதை அப்படியே உலர்த்தினால் உப்பு விளிம்பில் வளையமாகப் படியும், சில துகள்களில் ருத்தேனியம் குவியும், சிலவற்றில் இருக்காது. அந்தத் தொகுதியை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது மலிவு.

மூடி வைத்து அறை வெப்பத்தில் 12 மணி நேரம். பிறகு 60 டிகிரியில் ஓர் இரவு, முடிந்தால் வெற்றிட ஓவனில். எடுத்தவுடன் 110 டிகிரியில் போட்டால் நீர் வேகமாக வெளியேறும்போது உப்பையும் மேற்பரப்புக்கு இழுத்துக்கொண்டு வரும்.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இசட்.எஸ்.எம்.-5இன் துளை 0.55 நானோமீட்டர் அளவு. இந்த முறையில் ஏற்றும் ருத்தேனியத்தின் பெரும்பகுதி படிகத்தின் வெளிப்பரப்பில்தான் 2, 3 நானோமீட்டர் துகள்களாக உட்காரும். 'துளைக்குள் ருத்தேனியம்' என்று எழுத வேண்டுமானால் வேறு வழி வேண்டும். அது அடுத்த படி.

5. உள்ளே வைக்க வேண்டுமென்றால்: அயனிப் பரிமாற்றம்

இதற்குச் சோடியம் ஒய் சியோலைட்டும் ஹெக்சாஅம்மின் ருத்தேனியம் குளோரைடும் எடுங்கள். இந்த உப்பில் ருத்தேனியம் 32.6 சதவீதம். 3 கிராம் உலர் சியோலைட்டில் சுமார் 2 சதவீதம் ஏற்ற 0.184 கிராம் உப்பு போதும். 300 மி.லி. காற்று நீக்கிய நீரில் கரைத்து, நைட்ரஜன் ஓட்டத்தில், அறை வெப்பத்தில் 24 மணி நேரம் கலக்குங்கள். வடிகட்டி, குளோரைடைக் காட்டும் வெள்ளி நைட்ரேட்டை வடிநீரில் விட்டாலும் கலங்காத நிலை வரும் வரை கழுவுங்கள். முதல் வடிநீரையும் கழுவுநீரையும் ஐ.சி.பி.க்கு எடுத்து வைத்தால் எவ்வளவு உள்ளே போனது என்று கழித்துப் பார்க்கலாம்.

தூள் ஒயின் சிவப்பாக மாறினால் காற்று பட்டுவிட்டது என்று பொருள். ஆக்சிஜன் பாலத்தால் மூன்று ருத்தேனியம் இணைந்த 'ருத்தேனியம் சிவப்பு' உருவாகியிருக்கிறது. அதனால்தான் நைட்ரஜனும், சூடில்லாத வெற்றிட உலர்த்தலும். இளம் சிவப்புச் சாயல் இலேசாகத் தெரிந்தால் தூக்கிப்போட வேண்டாம். குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், பிறகு துகள் அளவு பெரிதாக வந்தால் காரணம் தேட உதவும்.

ஒடுக்கும்போது இந்தத் தூளுக்கு நிமிடத்துக்கு 1 டிகிரி மட்டுமே. மூன்று நேர்மின்சுமை கொண்ட அயனி உலோகமாக மாறும்போது சுமையைச் சமன்செய்ய மூன்று புரோட்டான்கள் சியோலைட்டில் வந்து சேரும். இந்தத் தொகுதியில் அது கிராமுக்குச் சுமார் 0.6 மில்லிமோல். சோடியம் வடிவம் என்பதால் அமிலம் இல்லை என்று நினைத்து ஒப்பீட்டு வினை நடத்துபவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

6. ஒடுக்குதல்: காற்றில் சுடாதீர்கள்

நிக்கலுக்கும் தாமிரத்துக்கும் பழகியவர்கள் வழக்கப்படி முதலில் 400 அல்லது 500 டிகிரியில் காற்றில் சுட்டுவிட்டு ஒடுக்குவார்கள். ருத்தேனியத்துக்கு அது கேடு. சூடான காற்றில் அது ஆக்சைடாகி நகர்ந்து, பெரிய படிகங்களாகத் திரளும். சியோலைட்டுக்குள் வைத்தது வெளியே வந்து குவியும். வெப்பம் மேலும் ஏறினால் ஆவியாகும் ஆக்சைடுகளாகக் கொஞ்சம் காணாமலும் போகும். உலர்ந்த தூளை நேரடியாக ஹைட்ரஜனுக்குக் கொண்டுபோங்கள்.

குழாய் உலை, குவார்ட்ஸ் குழாய், 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த ஆர்கான் அல்லது நைட்ரஜன், நிமிடத்துக்கு 50 மி.லி. முதலில் அரை மணி நேரம் வெறும் நைட்ரஜன். பிறகு கலவை வாயு, நிமிடத்துக்கு 2 டிகிரி, 400 டிகிரி, 3 மணி நேரம். ஏற மூன்று மணி, நிற்க மூன்று, ஆற மூன்று அல்லது நான்கு. காலை 8 மணிக்குத் தொடங்கினால் மாலை 6 மணி வாக்கில் ஆறும்; அதன் பிறகு வரும் நைட்ரஜன், ஆக்சிஜன் படிகளுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் வேண்டும். உலையை அதற்கேற்ப முன்பதிவு செய்யுங்கள். மதியம் தொடங்கி இரவில் ஆளில்லாமல் ஹைட்ரஜன் ஓட விடாதீர்கள்.

வாயு போதுமா என்று சரிபாருங்கள். 5 கிராம் தொகுதியில் 1 மில்லிமோல் ருத்தேனியம், அதற்கு 1.5 மில்லிமோல் ஹைட்ரஜன், அறை வெப்பத்தில் சுமார் 37 மி.லி. 5 சதவீதக் கலவையில் நிமிடத்துக்கு 2.5 மி.லி. ஹைட்ரஜன் வருகிறது என்பதால் குறைந்தது 15 நிமிட வாயு தேவை. மூன்று மணி நேரம் தாராளம். ஆனால் ஓட்டமானியில் நிமிடத்துக்கு 5 மி.லி. என்று தவறாக வைத்தால் கதை வேறு.

வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு குமிழியில் விட்டு, பிறகு புகைப்போக்கிக்கு அனுப்புங்கள். குமிழிக்கும் உலைக்கும் நடுவில் காலிக் குடுவை ஒன்று வேண்டும். உலை ஆறும்போது கரைசல் பின்னோக்கி உறிஞ்சப்பட்டால் காரம் நேராக வினையூக்கியின் மேல் வந்து விழும்.

ஆறிய பின் நைட்ரஜனில் அரை மணி நேரம், அதன் பிறகு 1 சதவீத ஆக்சிஜன் கலந்த நைட்ரஜனில் இரண்டு மணி நேரம். இந்தப் படியைத் தாண்டிக் குழாயைத் திறந்தால் தூள் சூடேறும். கரிமத் தாங்கி என்றால் தீப்பற்றவே கூடும். அதன் மேல் மெத்தனால் ஊற்றுவது நெருப்பைக் கூப்பிடுவது.

7. குளோரைடைக் கழுவுதல்

ஒடுக்கிய பின்னும் குளோரைடு ருத்தேனியத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஹைட்ரஜன் உறிஞ்சலைக் குறைக்கும், வினையில் வேகத்தைக் குறைக்கும், ஆட்டோகிளேவின் எஃகையும் அரிக்கும். ஒடுக்கும் முன் கழுவினால் உப்பே போய்விடும். ஆகவே ஒடுக்கிய பின் கழுவ வேண்டும். கிராமுக்கு 200 மி.லி. வீதம் 60 டிகிரி நீரில் பல தவணையாகக் கழுவி, வெள்ளி நைட்ரேட்டால் சோதியுங்கள்.

டைட்டானியா (டைட்டானியம் டையாக்சைடு) தாங்கிக்கு நீர்த்த அம்மோனியா இன்னும் நன்றாக வேலை செய்யும். ஹைட்ரஜன் வடிவ சியோலைட்டுக்கு அம்மோனியா போட்டால் அமில இடங்களெல்லாம் அம்மோனியமாகிவிடும். மறுபடி 400 டிகிரி, அதுவும் காற்றில்லாமல். எனவே சியோலைட்டுக்கு வெறும் நீர்.

குளோரைடே வேண்டாம் என்றால் ருத்தேனியம் நைட்ரோசில் நைட்ரேட் கரைசல் கிடைக்கிறது. விலை கூடுதல், அமிலம் அதிகம். ஒப்பீட்டுக்கு ஒரு தொகுதி செய்து பார்ப்பது மதிப்புள்ள செலவு.

8. அளக்க அனுப்புதல்

ஐ.சி.பி.க்கு அனுப்பும்போது படிவத்தில் 'ருத்தேனியம், சியோலைட்' என்று மட்டும் எழுதாதீர்கள். கரைக்கும் முறையை நீங்களே பேசி முடிவு செய்ய வேண்டும். உலோக ருத்தேனியம் இராஜதிராவகத்தில்கூட எளிதாகக் கரையாது. திறந்த கிண்ணத்தில் சூடான நைட்ரிக் அல்லது பெர்குளோரிக் அமிலம் போட்டால் டெட்ராக்சைடாகி ஆவியாகும். விடை குறைவாக வரும். நம்பகமான வழி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் நைட்ரேட்டும் அல்லது சோடியம் பெராக்சைடு சேர்த்து உருக்கிக் கரைப்பது. உங்கள் மாதிரியோடு, எடை தெரிந்த ருத்தேனியம் உப்பைத் தாங்கியில் கலந்த ஒரு சோதனை மாதிரியையும் வேறு எண்ணிட்டு அனுப்புங்கள். அது சரியாக வந்தால்தான் மற்றது சரி.

துகள் அளவுக்கு டி.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி), குறைந்தது 200 துகள் எண்ணுங்கள். மேற்பரப்பில் உள்ள உலோக அணுக்களை எண்ண, கார்பன் மோனாக்சைடு உறிஞ்சலை ருத்தேனியத்துக்கு நம்ப வேண்டாம். ஓர் அணுவில் ஒன்றுக்கு மேல் ஒட்டும். ஹைட்ரஜன் உறிஞ்சலை 100 டிகிரி அருகில் செய்தால் சமநிலை வேகமாக வரும். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சைஃப் (நவீன பகுப்பாய்வுக் கருவி மையம்) போன்ற பொது மையங்களில் முன்பதிவு, வழிகாட்டியின் கையெழுத்திட்ட கடிதம், கட்டணம் எல்லாம் முன்கூட்டியே வேண்டும். வினையூக்கி கையில் வந்த பிறகு விண்ணப்பிக்காதீர்கள். செய்யத் தொடங்கும் வாரத்திலேயே வரிசையில் நில்லுங்கள். ஒரு தொகுதி செய்ய ஐந்து நாள். முடிவு வர அதைவிடப் பல மடங்கு ஆகும்.

9. வினை

100 மி.லி. ஆட்டோகிளேவ், 30 மி.லி. கரைப்பான், லெவுலினிக் அமிலம் 1.00 கிராம், வினையூக்கி 50 மி.கி. இது ஒரு ருத்தேனியம் அணுவுக்குச் சுமார் 870 அமில மூலக்கூறுகள். லெவுலினிக் அமிலம் 33 டிகிரி அருகில் உருகும். குளிர்ந்த அறையில் புட்டியில் பாதி உறைந்திருக்கும். முழுதும் உருக்கிக் கலக்கிவிட்டு எடுங்கள்.

கரைப்பான்: 130 டிகிரியில் நீர் நன்றாக வேலை செய்யும், ருத்தேனியத்துக்கு நீர் பிடிக்கும். 200 டிகிரிக்குப் போவதானால் சூடான நீர் ஒய், பீட்டா சியோலைட்டுகளின் சட்டகத்தைச் சிதைக்கும். அங்கே டையாக்சேன் எடுங்கள், ஆனால் பெராக்சைடு தாளில் சோதித்த பிறகு மட்டும். மெத்தனால், எத்தனால் போட்டால் அமிலம் எஸ்டராகி உங்கள் கணக்கைக் குழப்பும்.

நைட்ரஜனில் மூன்று முறை நிரப்பிக் காலி செய்து, 50 பாரில் அரை மணி நேரம் கசிவு பாருங்கள். பிறகு 5 பார் நைட்ரஜனில் சூடாக்கி, 130 டிகிரி நிலைத்ததும் 30 பார் ஹைட்ரஜன் சேருங்கள். அந்த நொடிதான் பூஜ்ஜியம். குளிரிலேயே ஹைட்ரஜன் நிரப்பிச் சூடாக்கினால் ஏறும் நாற்பது நிமிடத்தில் வினை பாதி நடந்திருக்கும்.

முழுதாக நடந்தால் 8.6 மில்லிமோல் ஹைட்ரஜன் செலவாகும். இந்த அளவுகளில் அழுத்தம் சுமார் 4 பார் இறங்கும். 10 பார் இறங்கினால் கசிவு. இறங்கவே இல்லை, ஆனால் ஜி.சி.யில் (வாயு நிறப்பிரிகை) லெவுலினிக் அமிலம் காணோம் என்றால் அது உறிஞ்சப்பட்டிருக்கிறது அல்லது சிதைந்திருக்கிறது. எடுக்கக்கூடிய அதிகபட்ச வலெரோலாக்டோன் 0.862 கிராம்.

நீரில், குறைந்த வெப்பத்தில், 4-ஹைட்ராக்சிபென்டனாயிக் அமிலம் வளையமாகாமல் தங்கும். எச்.பி.எல்.சி.யில் (திரவ நிறப்பிரிகை) அது தெரியும், ஜி.சி.யின் சூட்டில் வளையமாகிவிடலாம். இரண்டிலும் ஒரு மாதிரி ஓட்டுங்கள். 200 டிகிரியில் அமில சியோலைட் லாக்டோன் வளையத்தைத் திறந்து பென்டனாயிக் அமிலம் தரும். அதைத் தேடுகிறீர்களென்றால் நல்லது; தேடவில்லையென்றால் டைட்டானியா தாங்கிக்கு மாறுங்கள்.

வினையூக்கியே போடாமல் ஒரு வெற்று ஓட்டமும், உலோகம் ஏற்றாத சியோலைட் மட்டும் போட்டு ஓர் ஓட்டமும் முதலில். முன்பு யாரோ பல்லேடியம் ஓட்டிய பாத்திரச் சுவர் இப்போதும் வேலை செய்துகொண்டிருக்கலாம். கலக்கும் வேகத்தை நிமிடத்துக்கு 600, 900, 1200 சுற்று என்று மாற்றுங்கள். வேகம் மாறினால் வினை வேகமும் மாறுகிறது என்றால் நீங்கள் அளப்பது வாயு கரையும் வேகம்.

10. திரும்பப் பயன்படுத்தும் சோதனை

100 சதவீத மாற்றத்தில் ஐந்து முறை ஓட்டி 'செயல்திறன் குறையவில்லை' என்று எழுதுவது எதையும் காட்டாது. மூன்று மணி நேரம் ஓட்டும் வினை அரை மணியிலேயே முடிந்துவிட்டால், வினையூக்கி முக்கால்வாசி செத்தாலும் விடை அதேதான் வரும். நேரத்தைக் குறைத்து, மாற்றம் 30 முதல் 50 சதவீதத்தில் நிற்கும்படி ஒப்பிடுங்கள். 50 மி.கி.யில் ஒவ்வொரு வடிகட்டலிலும் 5 மி.கி. போகும், இணையாக இரண்டு ஓட்டம் நடத்திச் சேர்த்துக்கொண்டால் எடையைச் சரியாக வைக்கலாம்.

சூடாகவே வடிகட்டி, வடிநீரை மட்டும் மறுபடி ஹைட்ரஜனில் ஓட்டுங்கள். வினை நின்றால் கரைந்த ருத்தேனியம் வேலை செய்யவில்லை. வடிநீரில் அலுமினியத்தையும் அளந்துவிடுங்கள். சியோலைட் சட்டகம் உடைவதை எக்ஸ்ரே காட்டும் முன் அது காட்டிவிடும்.

11. கழிவு

ருத்தேனியம் கழுவிய நீர், வடிதாள், பயன்படுத்திய தூள் எல்லாம் தனிப் புட்டியில், எடை எழுதிய லேபிளோடு. உலோகம் விலையுள்ளது, சேர்த்து வைத்தால் மீட்கக் கொடுக்கலாம். பயன்படுத்திய தூளை ஈரமாகவே மூடி வையுங்கள், காகிதத்தோடு குப்பையில் காய விடாதீர்கள்.

கறுத்த கண்ணாடிக் கலங்களைச் சுத்தம் செய்ய பிளீச்சிங் கரைசலை ஊற்றும் பழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. ருத்தேனியம் பட்ட கலத்தில் அதை ஒருபோதும் ஊற்றாதீர்கள். ஹைப்போகுளோரைட்டும் பெர்அயோடேட்டும் அதை ருத்தேனியம் டெட்ராக்சைடாக்கும்; அறை வெப்பத்திலேயே ஆவியாகும், கண்ணையும் மூச்சுக்குழாயையும் தாக்கும் நச்சு அது. சோப்பு நீர், பிரஷ், போகவில்லையென்றால் அந்தக் கலத்தை ருத்தேனியம் வேலைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.